மூன்றாம் மேடையில் இருப்பவர்

ஏழுமதகு நாட்டில் அந்தக் காலத்தில் விடிந்ததும் முதல் வேலை துண்டு போடுவது.

தணிகாசலம் எழுந்து பல் துலக்குவான். மனைவி வான்மதியை எடைப்பொறியில் ஏற்றி நிறுத்தி முள்ளைப் பார்ப்பான். அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்தியிருந்தன. உடம்பில் நீர் கோத்திருந்தால் முள்தான் முதலில் சொல்லும். அன்றைக்கு அவள் குடிக்கக்கூடிய தண்ணீரைச் சின்னச் செம்பில் அளந்து, தட்டு போட்டு மூடி வைப்பான். கொடியில் கிடக்கும் பச்சைக்கரை ஈரிழைத் துண்டை உருவி, நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொள்வான். தெருக்கோடியில் மேடைக்கூடம். மூன்றாம் மேடைக்கு முன்னால் இருக்கும் நாற்காலியில் துண்டை விரிப்பான். வீட்டுக்குத் திரும்பி உலை வைப்பான்.

"மூணாவதா?" என்று வான்மதி கேட்பாள்.

"மூணாவதுதான்."

"சார் கெட்டிக்காரர்."

கணவனை அவள் சார் என்றுதான் கூப்பிடுவாள். கல்லூரியில் அவன் அவளுக்கு ஒரு வருடம் மூத்தவன். முதல் நாள் அவனை ஆசிரியர் என்று நினைத்து வணக்கம் வைத்துவிட்டாள். அந்தத் தவறைத் திருத்திக்கொள்ள அவள் விரும்பவில்லை.

ஏழுமதகை நாட்டுநாயகர் ஆண்டார். மக்கள் வாக்களித்துத்தான் அவர் வந்தார். வந்ததும் முடி சூட்டிக்கொண்டார். சூட்டிக்கொண்ட அன்று குடிமக்கள் எல்லோருக்கும் விலையில்லா மடிக்கணினி கொடுத்தார். அதன் மூடியில் அவர் படம் இருந்தது. உள்ளே மின்கலம் இல்லை. தெருக்கூடத்தில் இருக்கும் மேடையோடு கம்பியால் இணைத்தால்தான் அதற்கு மின்சாரம் வரும், வலை வரும், திரை விழிக்கும். அரசாணைகளில் அந்த மேடைக்குப் 'பொது இணைமேடை' என்று பெயர். மக்கள் ஆங்கிலத்தில் சுருக்கமாக டாக் என்றார்கள். அரிசி, சம்பளம், பள்ளிக்கூட இடம், மீன் விற்கும் உரிமம், ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாம் டாக் வழியாகத்தான் வந்தன. தெருவுக்கு ஆறு டாக் இருந்தது. தெருவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை அரசு எண்ணவில்லை.

ஆறு டாக்கை ஒரு தெரு முழுக்கப் பகிர்ந்துகொண்டது எப்படி என்று வெளிநாட்டார் வியந்ததுண்டு. துண்டால்தான். காலையில் வந்து நாற்காலியில் துண்டைப் போட்டால் இடம் உங்களுடையது. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவரலாம், டீ குடித்துவரலாம். நேரம் போயும் ஆள் வராவிட்டால் அடுத்தவர் அந்தத் துண்டை மடித்து ஓரமாக வைத்துவிட்டு உட்காருவார். வேலை முடிந்ததும் திரையில் திறந்த பக்கத்தை மூட வேண்டும், தன் கம்பியைத் தானே உருவ வேண்டும், அதே துண்டால் விசைப்பலகையைத் துடைக்க வேண்டும். இன்னொருவர் பக்கம் தவறித் திறந்து கிடந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடுவார்கள். எவராவது வாசலில் நின்று "அவசரம்" என்றால், அருகில் இருப்பவர் எழுந்துகொள்வார். என்ன அவசரம் என்று கேட்கும் வழக்கம் இல்லை. இவ்வளவுதான் சட்டம். யாரும் எழுதியதில்லை.

வான்மதியின் உயிர் இந்த எழுதாத சட்டத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. டயாலிசிஸுக்குப் போகும் நாளெல்லாம் காலையில் நோயாளி தன் கணினியை டாக்கில் இணைத்து, தன் விரலை வைத்து, 'இருக்கிறேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் பெரியாஸ்பத்திரியில் கட்டில் திறக்கும். செத்தவர்களுக்கு அரசு வீணாகச் செலவழித்துவிடக் கூடாதல்லவா. வான்மதியால் வரிசையில் நிற்க முடியாது. அவளுக்குப் பதிலாகத் துண்டு காத்திருக்கும். முறை வந்ததும் மீன் விற்கும் ஜெபமணி அக்கா கூடத்து வாசலில் நின்று கூவுவார். மீன் கூவிப் பழகிய குரல்.

"வான்மதீ! உன் துண்டுக்குக் கால் வலிக்குதாம். வந்து மாத்தி விடு!"

தணிகாசலம் அவளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவான். அவள் பொத்தானை அழுத்துவாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்.

இப்படி இருக்கையில் இணைமேடைத் துறை அமைச்சர் மாண்புமிகு அருஞ்சுடர் அவர்கள் கூடங்களைப் பார்வையிடப் புறப்பட்டார். பத்து மணிக்கு வருவார் என்றார்கள். மதியம் வரை வரவில்லை. மின்சாரமும் போயிருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் அவரவர் துண்டைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனார்கள். அப்போதுதான் அமைச்சர் உள்ளே நுழைந்தார். தணிகாசலம் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்ததால் நடந்ததை எல்லாம் பார்த்தான்.

"மக்கள் எங்கே?" என்றார் அமைச்சர்.

கூடச் செயலர் கோமதிநாயகம் பதறிவிட்டார். கூடத்தைப் பெருக்கிப் பூட்டுவதற்காக அமர்த்தப்பட்டவர் அவர். கழுத்தில் அடையாள அட்டை வந்த பிறகு பெருக்குவதை நிறுத்தியிருந்தார்.

"இதோ இருக்காங்கய்யா" என்று நாற்காலிகளைக் காட்டினார்.

"இவை துண்டுகள்."

"ஆமாங்கய்யா. எங்க ஊருல துண்டு இருந்தா ஆள் இருக்கற மாதிரி."

அமைச்சருக்கு உட்கார வேண்டியிருந்தது. அவர் நாற்காலியைப் பார்த்தார், செயலரைப் பார்த்தார். செயலர் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அமைச்சரும் ஏழுமதகில் பிறந்தவர்தானே; அடுத்தவர் போட்ட துண்டை எடுக்க அவருக்கும் கை எழவில்லை. பார்வையிடல் முழுவதையும் நின்றுகொண்டே முடித்தார். போகும்போது செயலரிடம், "நீர் சொன்னது ஆழ்ந்த கருத்து" என்றார். கோமதிநாயகம் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை என்று கேள்வி. பாராட்டா கண்டிப்பா என்று அவருக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் முதல் ஆணை வந்தது. இணைமேடைகளைப் பாதுகாப்பாகவும் திறம்படவும் பகிர்வதற்கான பெருந்திட்டம் என்று அதற்குப் பெயர். அதன் முதல் வரி: இருக்கையில் எது இருக்கிறதோ அதுவே பயனர். எனவே துண்டுகள் எல்லாம் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவில்லாத துண்டு, அன்னியத் துண்டு.

"பகிர்வது நம் பண்பாடு" என்று அமைச்சர் தெருத்திரைகளில் தோன்றிப் பேசினார். "ஆனால் பகிர்ந்தால் பாதுகாப்பில்லை. ஆகவே நாம் இனி பகிராமல் பகிர்வோம்."

மக்கள் கைதட்டினார்கள். ஜெபமணி அக்கா மட்டும், "இந்த ஆளு சாப்பிடாமத்தான் சாப்பிடுவாரு போல" என்றார்.

பச்சைக்கரைத் துண்டைத் தலைநகருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அது போய்வரும்வரை வேறு துண்டு போட முடியாது. போட்டால் அன்னியத் துண்டு. வான்மதியின் டயாலிசிஸ் ஒன்று தள்ளிப்போனது. கணுக்கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து, மெதுவாக நிரம்பியது. துண்டு ஒரு மூலையில் தகட்டு முத்திரையோடு திரும்பி வந்தது. தகட்டில் 'வான்மதி' என்று பொறித்திருந்தார்கள்.

"என்னைவிட அழகா இருக்கு" என்று அவள் தகட்டைத் தடவினாள். "இதுல மஞ்சள் கறை இருக்குமே, அதையும் பதிவு பண்ணாங்களா? அது நீங்க ரசம் கொட்டினது."

"பண்ணிருப்பாங்க."

"அப்ப சார் பேரும் சரித்திரத்துல நிக்கும்."

இரண்டாம் ஆணை அமைதியாக வந்தது. பதிவு பெற்ற பயனரை, அதாவது துண்டை, இருக்கையில் அமர்ந்த பிறகு யாரும் தொடக் கூடாது. மடித்து ஓரம் வைப்பது தாக்குதல். உரிமையாளரே எடுப்பதானாலும் கூடச் செயலர் முன்னிலையில், மேலிட அனுமதியோடுதான் எடுக்க வேண்டும். "அவசரம்" என்ற சொல்லைக் கூடத்தில் உச்சரிப்பது பாதுகாப்புக் குறைபாடு.

ஆணை வந்த அன்று காலையில் தணிகாசலம் துண்டைப் போட்டிருந்தான். அவனுக்கு ஆணை தெரியாது. முறை வந்ததும் வான்மதியைத் தள்ளிக்கொண்டு போனான். அவள் துண்டைத் தூக்கக் கை நீட்டினாள்.

"அம்மா, அம்மா! கையை எடுங்க!" கோமதிநாயகம் ஓடி வந்தார். "தொடக் கூடாது."

"சரிண்ணே, தொடல." அவள் துண்டின் மேலேயே உட்கார்ந்தாள்.

"ஐயோ, எந்திரிங்கம்மா. அங்க ஆள் இருக்கு."

"யாரு?"

செயலர் குனிந்து, அவளுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தகட்டைப் படித்தார். "வான்மதி."

"நான்தான் வான்மதி."

"நீங்க உரிமையாளரும்மா. பயனர் வான்மதி கீழ இருக்காங்க. ஒரு மேடைக்கு ஒரு பயனர்தான். ரெண்டு பேர் உட்கார்ந்தா அதிகச் சுமை."

"அண்ணே, என் வீட்டுத் துண்டுண்ணே. போன வாரம் அதுல மூக்குத் துடைச்சேன்."

"அது பதிவுக்கு முந்தி."

தணிகாசலம் குறுக்கிட்டான். "செயலரே, அவளுக்கு இன்னிக்கு டயாலிசிஸ். ஏற்கனவே ஒண்ணு போச்சு. பொத்தானை அழுத்தணும், அவ்வளவுதான்."

"புரியுது தம்பி. எனக்கு மனசு இல்லையா? துண்டைத் தூக்க அனுமதி கேட்டு நானே மேல எழுதறேன். வந்ததும் மொத ஆளா உங்களைக் கூப்பிடறேன்."

"எப்ப வரும்?"

கோமதிநாயகம் அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டார். "அனுமதி கேக்கற மனுவை டாக் வழியாத்தான் அனுப்பணும். ஆறுலயும் ஆள் இருக்கு."

பக்கத்து நாற்காலியருகே ஜெபமணி அக்கா தன் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கூடையில் மீன் வெயிலுக்கு நிறம் மாறிக்கொண்டிருந்தது. "என் துண்டே போய் மீன் வித்துட்டு வரட்டும்" என்றார். "கூவத் தெரியாது. அது ஒண்ணுதான் குறை."

வான்மதி சிரித்தாள். சிரித்தபின் மூச்சு வாங்கினாள். "அப்படிப் பாத்தா டயாலிசிஸும் துண்டுக்கே பண்ணிடலாம்ல அக்கா? அதுதானே பயனர்" என்றாள்.

அது வேடிக்கைக்குச் சொன்னது. ஏழுமதகில் வேடிக்கைக்குச் சொல்வதை யாரோ எப்போதும் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று பெரியாஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வான்மதியின் காலைப் பார்த்துவிட்டு, அனுமதியைக் கேட்காமல் டயாலிசிஸ் ஊசியைக் குத்தினார். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை போனபோது நர்ஸை மாற்றியிருந்தார்கள்.

தணிகாசலம் மற்றத் தெருக் கூடங்களுக்குப் போய்ப் பார்த்தான். மூன்றாம் மேடையில் பதிவானவருக்கு வேறு மேடை கிடையாது என்றார்கள். துறை அலுவலகத்துக்குப் போனான். அங்கே அதிகாரிகள் உட்காரும் நாற்காலிகளிலும் துண்டுகள் இருந்தன. அவன் வேலை பார்த்தது மதகுத் துறையில், வரைபடம் வரைவது. எந்த மதகைத் திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் போகும் என்று அவனுக்குத் தெரியும். எந்த மேசையைத் தட்டினால் இந்தத் துண்டு நகரும் என்று தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் தேர்தல் வந்தது.

நாட்டுநாயகர் குடிமக்கள் எல்லோருக்கும் விலையில்லாத் துண்டு அறிவித்தார். ஊதா நிறம், ஓரத்தில் அவர் முகம், பதிவுத் தகட்டோடு. எதிரணித் தலைவர் கொதித்தெழுந்தார். தாங்கள் ஆட்சிக்கு வந்தால் ஆளுக்கு இரண்டு துண்டு, இரண்டும் கெட்டி நெசவு என்றார். நாயகரின் துண்டு ஒரே சலவையில் சாயம் போகும் என்று எதிரணியினர் கூட்டத்துக்குக் கூட்டம் பிழிந்து காட்டினார்கள். துண்டின் நீளம் பற்றித் தெருத்திரைகளில் அறிஞர்கள் வாதிட்டார்கள். தெருவுக்கு ஏழாவதாக ஒரு டாக் என்று ஒருவரும் சொல்லவில்லை. மக்களும் கேட்கவில்லை. துண்டு வாங்கப் போன இடத்தில் கூட்டம் அதிகம், கேட்க நேரமில்லை.

புதுத் துண்டுகளை வைக்க நாற்காலி இல்லை. கூடச் சுவரோரம் அலமாரி அடித்து அடுக்கினார்கள். வரிசையில் நிற்பதும் துண்டே என்று ஆனபின் மக்கள் கூடத்துக்கு வர வேண்டியிருக்கவில்லை. கதவருகே ஒரு காவலரை நிறுத்தினார்கள்.

மூன்றாம் ஆணை வந்தது. நாட்டின் இணைமேடைகள் அனைத்திலும் எப்போதும் பயனர் அமர்ந்திருக்கிறார் என்றும், ஒரு மேடைகூட ஒரு கணமும் காலியாக இல்லை என்றும், இப்படியொரு திறம் உலகில் எங்கும் இல்லை என்றும் அமைச்சர் அருஞ்சுடர் அறிவித்தார். கடவுச்சொல் ஒன்றுகூடத் திருட்டுப் போகவில்லை. திரை ஒன்றுகூட எட்டிப் பார்க்கப்படவில்லை. ஆபத்து எல்லாம் மனிதர் விரலால்தான் வருகிறது என்று ஆய்வில் தெரிந்தது. எனவே கம்பிகளை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். நாற்காலிக்கு அடியில் ஒரு கருவி பொருத்தினார்கள். மேலே துண்டு இருந்தால் அது தானாக 'இருக்கிறேன்' என்று அழுத்திக்கொள்ளும்.

கோமதிநாயகம் இந்த முறை சிரித்த முகத்தோடு தணிகாசலத்தின் வீட்டு வாசலுக்கே வந்தார்.

"தம்பி, நல்ல செய்தி. உங்க வீட்டம்மா அழுத்திட்டாங்க."

"யாரு?"

"மூணாம் மேடை. காலையிலயே அழுத்தியாச்சு. ஆஸ்பத்திரில கட்டில் தயார். நான் சொன்னேன்ல, எல்லாத்துக்கும் ஒரு வழி பொறக்கும்னு."

தணிகாசலம் வான்மதியை ஆட்டோவில் ஏற்றினான். சைக்கிளில் உட்கார அவளால் இப்போது முடியவில்லை. பெரியாஸ்பத்திரி வரவேற்பில் இருந்த அதிகாரி திரையைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"வான்மதி, மூன்றாம் மேடை. அனுமதி வந்திருக்கு. பயனரை அழைச்சிட்டு வாங்க."

"இதோ."

அதிகாரி அவளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "வான்மதி இப்ப கூடத்துல இருக்காங்களே. இந்தக் கணம் வரைக்கும் 'இருக்கிறேன்'னு காட்டுது."

"அது துண்டு."

"இவங்க வான்மதின்னா, அங்க இருக்கறது யாரு? ஒரே ஆள் ரெண்டு இடத்துல எப்படி இருக்க முடியும்? நீங்க படிச்சவர்தானே."

"அங்க இருக்கறதை எடுத்துட்டா?"

"எடுத்துட்டா 'இல்லை'ன்னு காட்டும். இல்லாதவங்களுக்கு எப்படிக் கட்டில் தர்றது?"

வான்மதி சக்கர நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். திறக்காமலே, "சார், இவர் சொல்றதுல தப்பு கண்டுபிடிக்க முடியல பாத்தீங்களா" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பினார்கள்.

வாக்குப்பதிவு நாளும் விடிந்தது. தணிகாசலம் எழுந்து பல் துலக்கினான். எடைப்பொறியை எடுக்கவில்லை, அவளால் நிற்க முடியாது. தண்ணீரை அளந்து செம்பில் வைத்தான். அவள் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு போதும் என்றாள். அன்று வாக்களிப்பவை பதிவு பெற்ற துண்டுகள். அதற்காகவே கூடம் திறந்திருக்கும், அமைச்சரும் வருவார். அமைச்சரின் காலைப் பிடித்தாவது துண்டை எடுக்க அனுமதி வாங்கிவிடுவது, ஆஸ்பத்திரியில் துண்டையும் அவளையும் சேர்த்தே நிறுத்துவது என்று முடிவு செய்திருந்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்கார வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினான். வான்மதி தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். ஒன்று சொன்னாள். அவன் "சரி" என்றான்.

கூடத்தில் வாக்குப்பதிவு ஒழுங்காக நடந்தது. தள்ளுமுள்ளு இல்லை, சத்தம் இல்லை. அமைச்சர் ஒவ்வொரு நாற்காலி முன்னும் நின்று கைகூப்பினார். மூன்றாம் மேடை முன் வந்ததும் தணிகாசலம் அவர் காலில் விழுந்தான். அமைச்சர் அவனைத் தூக்கி நிறுத்தி, கன்னத்தோடு கன்னம் வைத்து, படம் எடுத்துக்கொண்டார்.

"உங்கள் துணைவியார் உடல்நலமின்றியும் இருக்கையை விட்டு எழாமல் வாக்களித்திருக்கிறார்" என்றார். "நாடு இதை மறக்காது."

"ஐயா, அவ வீட்டுல சாகக் கிடக்கறா."

அமைச்சர் கோமதிநாயகத்தைப் பார்த்தார். கோமதிநாயகம் நாற்காலியைப் பார்த்தார். "இருக்காங்கய்யா" என்றார். "இருக்கிறேன்னு காட்டுது."

தணிகாசலம் வீட்டுக்குத் திரும்பும்போது தெருவில் ஜெபமணி அக்கா எதிரே வந்தார். அவர் கூவவில்லை. அதிலிருந்தே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அடக்கம் முடிந்தது. நாட்டுநாயகர் பெருவெற்றி பெற்றார். வாக்களிக்காத துண்டு என்று நாட்டில் ஒன்றுகூட இல்லை. வெற்றி உரையில் அவர் எளிய குடிமக்கள் சிலரைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். "மூன்றாம் மேடை வான்மதி! நோயோடு போராடும் அந்தச் சகோதரி வாக்களித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? 'இந்த ஆட்சியில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நாயகர் நீடூழி வாழ்க' என்று சொன்னார்!" கைதட்டல் அடங்க நேரமானது. தணிகாசலம் தெருத்திரைக்கு எதிரே, திறக்காத ஒரு கடையின் படியில் உட்கார்ந்து இதைக் கேட்டான். பிறகு எழுந்து தெருக்கோடிக்கு நடந்தான்.

வெற்றிக் கொண்டாட்டத்துக்காகக் கூடம் திறந்து கிடந்தது. காவலர் லட்டு வாங்கப் போயிருந்தார். தணிகாசலம் மூன்றாம் மேடைக்குப் போய் நாற்காலியிலிருந்து துண்டை எடுத்தான். நாலாக மடித்துத் தோளில் போட்டான். நாற்காலிக்கு அடியில் ஏதோ கீச்சென்று கத்தியது.

கோமதிநாயகம் லட்டோடு ஓடி வந்தார். "தம்பி! வேணாம் தம்பி! அவங்களை எங்க கொண்டு போறீங்க?"

"வீட்டுக்கு."

"போயிட்டா 'இல்லை'ன்னு காட்டும் தம்பி. அவங்க போயிடுவாங்க." அவர் அதை நம்பினார்.

காவலர்கள் வீட்டுக்கு வந்தபோது துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. தகடு வெயிலில் மின்னியது.

வழக்கு தலைநகரில் நடந்தது. குடிமகள் வான்மதியை மூன்றாம் மேடையிலிருந்து கடத்தியது, வாளித் தண்ணீரில் அமுக்கியது, கல்லில் அடித்தது, இரு கையாலும் முறுக்கிப் பிழிந்தது, வெயிலில் கயிற்றில் தொங்கவிட்டது என்று குற்றங்கள் ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டன. கொல்லப்பட்டவர் சாட்சிகள் முன் ஒரு தட்டில் மடித்து வைக்கப்பட்டிருந்தார். அமைச்சர் அருஞ்சுடர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையில் கிடைத்தது ஊதாத் துண்டு. சாயம் கன்னத்தில் ஒட்டியது.

நடுவர் வயதானவர், நியாயமானவர் என்று பெயரெடுத்தவர். தணிகாசலத்தைக் கூண்டில் நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா?"

"துண்டை எடுத்தேன். துவைச்சேன்."

"யார் தூண்டுதலால்? எதிரணியா? அன்னிய நாடா?"

"வான்மதிதான் சொன்னா."

மன்றத்தில் சலசலப்பு எழுந்தது. அரசு வழக்குரைஞர் துள்ளி எழுந்தார். "கனம் நடுவர் அவர்களே, வான்மதி கடைசியாகச் சொன்னது என்ன என்பது நாடறிந்தது. நாயகரே தம் உரையில் அறிவித்துவிட்டார். வேறு எதையும் அவர் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை."

"உட்காரும்" என்றார் நடுவர். வழக்குரைஞரின் நாற்காலியில் துண்டு கிடந்தது. அவர் நின்றார்.

மன்றத்தின் பின்பக்கம் ஜெபமணி அக்கா கைகட்டி நின்றார். அவருக்குப் பின்னால் தெருவே நின்றது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் நாற்காலியிலோ அலமாரியிலோ ஒரு துண்டு, பெயர் பொறித்த தகட்டோடு, அந்தக் கணத்திலும் நாயகரின் ஆட்சியில் இருந்துகொண்டிருந்தது.

"அந்த அம்மாள் உண்மையில் கடைசியாகச் சொன்னது என்ன?" என்று நடுவர் கேட்டார். "கூட்டாமல் குறைக்காமல் சொல்லும். எல்லோருக்கும் கேட்கும்படி."

தணிகாசலம் நடுவரைப் பார்க்கவில்லை. பின்னால் நின்றவர்கள் பக்கம் திரும்பினான். அவள் சொன்னபடியே சொன்னான்.

"வரும்போது நம்ம துண்டை எடுத்துட்டு வந்துருங்க சார். எத்தனை நாளா அங்கயே கிடக்கு."